பெட் சோர் ஆறலையா? மருந்தை மாத்தாதீங்க... ஆளை மாத்திப் படுக்க வையுங்க!

சென்னை: பக்கவாதம் வந்து படுத்துவிட்ட அப்பா, சாரத்தில் இருந்து விழுந்து இடுப்புக்கு கீழே உணர்வு போன கணவன், இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலே கதியாகிவிட்ட பாட்டி. இப்படி ஒருவர் இருக்கும் வீட்டில், வந்த நோயை விட அதிகமாக பாடாய்ப்படுத்துவது படுக்கைப்புண். ஆஸ்பத்திரி பாஷையில் 'பெட் சோர்'.

முதல் வாரம் லேசாக தோல் உரிந்த மாதிரி இருக்கும். அடுத்த வாரம் கருப்பாக ஒரு திட்டு. அதற்கடுத்த வாரம் குழி விழுந்து, உள்ளே எலும்பு தெரியும். வீடு முழுக்க வாடை. "தினமும் மருந்து போட்டுக்கிட்டே தான் இருக்கோம், ஆற மாட்டேங்குதே" என்று வீட்டுப் பெண்கள் கண்ணைக் கசக்குவது பல வீடுகளில் நடக்கும் கதை.

எத்தனை களிம்பு மாற்றினாலும் ஏன் ஆறுவதில்லை? பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர்கள் மத்தியில் ஒரு பழைய பேச்சு உண்டு. படுக்கைப்புண் மேல் எதை வேண்டுமானாலும் வைக்கலாம், அந்த நோயாளியைத் தவிர! பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. புண் மேல் உடம்பின் பாரம் இருக்கும் வரை எந்த மருந்தும் வேலை செய்யாது.

சூப்பர்மேனையே சாய்த்த புண்

ஹாலிவுட் படங்களில் சூப்பர்மேனாக பறந்தவர் கிறிஸ்டோபர் ரீவ். 1995-ல் குதிரையில் இருந்து விழுந்து கழுத்து எலும்பு முறிந்தது. கழுத்துக்கு கீழே உணர்வும் அசைவும் போய்விட்டது. பணம் இருந்தது, நர்சுகள் இருந்தார்கள், நல்ல ஆஸ்பத்திரி இருந்தது. ஆனாலும் படுக்கைப்புண் வந்தது. 2004 அக்டோபரில் அந்தப் புண்ணில் கிருமி பரவியதற்கு சிகிச்சை எடுத்துக் கொண்டிருந்த நேரத்தில் இதயம் நின்று போய் அவர் இறந்தார். வயது 52.

அவ்வளவு வசதி இருந்தவருக்கே இந்த கதி. 'சும்மா தோல் புண் தானே' என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதை விட வேறு உதாரணம் வேண்டாம்.

புண் எப்படி வருகிறது?

நன்றாக இருக்கும் மனிதன் தூக்கத்திலேயே புரண்டு புரண்டு படுக்கிறான். ஒரே பக்கம் படுத்தால் வலிக்கும். மூளை சொல்லும், உடம்பு தானாகத் திரும்பும். பக்கவாதம் வந்தவருக்கும், தண்டுவடம் அடிபட்டவருக்கும் அந்த வலியே தெரியாது. தெரிந்தாலும் திரும்ப முடியாது.

கீழே கட்டில், மேலே எலும்பு, நடுவில் மாட்டிக் கொள்வது தோலும் சதையும். பாரத்தில் நசுங்கும் ரத்தக் குழாய் அடைபட்டு, ரத்தம் ஓடாத சதை செத்துப் போகிறது. சிலருக்கு இதற்கு 2 மணி நேரமே போதும்.

எலும்பு துருத்தும் இடங்களில் தான் புண் வரும். இடுப்புக்கு கீழே வால் எலும்பு பக்கம், உட்காரும் எலும்பு, இடுப்பின் இரண்டு பக்கம், குதிகால், கணுக்கால், முழங்கை, பின்தலை. படுத்தே இருப்பவருக்கு வால் எலும்பும் குதிகாலும் முதலில் அடிபடும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு உட்காரும் எலும்பு.

இன்னும் இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று, சறுக்கல். தலைமாட்டை உயர்த்தி சாய வைத்தால் உடம்பு மெல்ல கீழே சறுக்கும். தோல் மெத்தையில் ஒட்டிக் கொள்ளும், உள்ளே எலும்பு மட்டும் நகரும். நடுவில் ரத்தக் குழாய்கள் இழுபட்டுக் கிழியும். இன்னொன்று, ஈரம். மூத்திரம், மலம், வியர்வையில் ஊறிய தோல் சீக்கிரம் பிய்ந்து போகும்.

மேலே ஒரு ரூபாய்... உள்ளே உள்ளங்கை!

படுக்கைப்புண்ணை டாக்டர்கள் 4 கட்டமாகப் பிரிக்கிறார்கள்.

முதல் கட்டம்: தோல் உரிந்திருக்காது. ஒரு திட்டு மட்டும் தெரியும். விரலால் அழுத்தி எடுத்தாலும் அந்த நிறம் மாறாது. நம்மைப் போன்ற மாநிறம், கருப்புத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலை விட அந்த இடம் சூடாக, கல் மாதிரி, அல்லது கொழகொழவென்று இருந்தால் அதுதான் அறிகுறி. கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

2-வது கட்டம்: மேல் தோல் உரியும், அல்லது கொப்புளம் வரும்.

3-வது கட்டம்: குழி விழுந்து உள்ளே கொழுப்பு தெரியும்.

4-வது கட்டம்: சதை, நரம்பு, எலும்பு வரை போய்விடும்.

வெளியே ஒரு ரூபாய் காசு அளவு ஓட்டை தெரியும். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு சதை அரித்துப் போயிருக்கும். பாரம் அதிகம் விழுவது எலும்பை ஒட்டிய ஆழத்தில் என்பதால் இப்படி. அதனால் 'சின்ன புண்' என்று வீட்டிலேயே முடிவு செய்யாமல் டாக்டரிடம் காட்டி ஆழம் பார்க்க வேண்டும்.

உயிரைக் காப்பாற்றிய 2 மணி நேரக் கணக்கு

2-ம் உலகப்போர் நடந்த காலம் வரை, தண்டுவடம் அடிபட்டால் ஆள் அவ்வளவுதான் என்று டாக்டர்களே கைவிட்டு விடுவார்கள். படுக்கைப்புண்ணும் சிறுநீர் பாதைக் கிருமியும் சேர்ந்து பெரும்பாலானோரை சீக்கிரமே கொன்றுவிடும்.

இதை மாற்றிக் காட்டியவர் லுட்விக் குட்மன் என்ற டாக்டர். ஹிட்லரின் ஜெர்மனியில் இருந்து தப்பி இங்கிலாந்து வந்தவர். 1944-ல் ஸ்டோக் மாண்டெவில் ஆஸ்பத்திரியில் தண்டுவட வார்டு ஆரம்பித்தார். அங்கே அவர் போட்ட கண்டிப்பான உத்தரவு, ராத்திரி பகல் பாராமல் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நோயாளியையும் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பதுதான். சாவார்கள் என்று நினைத்தவர்கள் பிழைத்தார்கள். 1948-ல் அவர்களுக்கு வில்வித்தைப் போட்டி நடத்தினார். அதுதான் வளர்ந்து பாராலிம்பிக் ஆனது. நம்ம சேலம் மாரியப்பன் 2016-ல் ரியோவில் உயரம் தாண்டி தங்கம் வாங்கினாரே, அதே பாராலிம்பிக்.

நம் ஊரிலும் ஒரு முன்னோடி உண்டு. வேலூர் சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் வாகன விபத்தில் சிக்கி இடுப்புக்கு கீழ் உணர்வு இழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையம் தொடங்கினார்.

முதல் வேலை: பாரத்தை எடு

புண் வந்துவிட்டால் அந்தப் புண் மேல் படுக்கவே வைக்கக் கூடாது. வால் எலும்பில் புண் என்றால் மல்லாக்கப் படுக்க வைப்பதை நிறுத்த வேண்டும். வலது, இடது என மாற்றி மாற்றி. மூச்சு சிரமம் இல்லை என்று டாக்டர் சொன்னால் குப்புறவும் படுக்க வைக்கலாம்.

ஒருக்களித்து என்றால் முழுசாக 90 டிகிரி திருப்பக் கூடாது. அப்படித் திருப்பினால் இடுப்பு எலும்பில் புது புண் வரும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை சொருகி 30 டிகிரி சாய்த்தால் போதும். இரண்டு முழங்காலுக்கு நடுவே ஒரு தலையணை. கெண்டைக்காலுக்கு கீழே ஒன்று வைத்து குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். தலைமாடு 30 டிகிரிக்கு மேல் வேண்டாம். சாப்பிடும்போது உயர்த்தி, சாப்பாடு இறங்கியதும் இறக்கிவிட வேண்டும்.

திருப்பும்போது தரதரவென்று இழுக்கக் கூடாது. மடித்த பெட்ஷீட்டை இடுப்புக்கு அடியில் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து தூக்கி நகர்த்த வேண்டும்.

'வீட்டில் ஒரே ஒரு பொம்பளை. பகலில் வேலைக்குப் போகணும். ராத்திரி 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்தா அவளும் படுத்துடுவாளே' என்ற கேள்வி நியாயமானது. இதற்கு வழி இருக்கிறது. நல்ல பஞ்சு மெத்தையோ ஏர் பெட்டோ இருந்து, மறுநாள் காலையில் தோலில் புது திட்டு எதுவும் இல்லை என்றால், ராத்திரியில் இடைவெளியை 4 மணி நேரம் வரை நீட்டலாம். புண் மேல் படுக்கவில்லை என்பது மட்டும் உறுதியாக இருக்க வேண்டும். எவ்வளவு நீட்டலாம் என்று டாக்டரிடமோ நர்சிடமோ கேட்டுக் கொள்வது நல்லது. பகலில் பக்கத்து வீட்டுக்காரர், பள்ளி விட்டு வரும் பிள்ளை என்று ஆளுக்கொரு நேரம் பிரித்துக் கொண்டு, சுவரில் ஒரு தாளில் எழுதி ஒட்டினால் யாரும் மறக்க மாட்டார்கள்.

ஏர் பெட் வாங்கினால் கவலை விட்டது என்று நினைப்பவர்களும் உஷார். ஏர் பெட் இருந்தாலும் திருப்பித்தான் ஆக வேண்டும். இடுப்புக்கு நேர் கீழே மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். கைக்கு மேலே ஒரு அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் தட்டினால் அந்த மெத்தை வீண். கரண்ட் போனால் காற்று இறங்கும், அதையும் கவனிக்க வேண்டும். அதன் மேல் ரெக்சின், பிளாஸ்டிக் ஷீட், கனமான போர்வை என்று அடுக்கினால் பலன் போச்சு.

சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கையை ஊன்றி எழும்ப வேண்டும், அல்லது முன்னால் குனிந்து 2 நிமிடம் இருக்க வேண்டும். உட்காரும் எலும்பில் புண் இருந்தால் ஆறும் வரை உட்காரும் நேரத்தைக் குறைக்க வேண்டும்.

2-வது வேலை: செத்த சதையை அகற்று

கருப்பாக, மஞ்சளாக ஒட்டிக் கொண்டிருப்பது செத்த சதை. அதன் மேல் களிம்பு தடவுவது, பழைய சுண்ணாம்பை சுரண்டாமல் சுவரில் பெயிண்ட் அடிக்கிற மாதிரி. நிற்காது. செத்த சதைதான் கிருமிக்கு வீடு. டாக்டர் அதை வெட்டி எடுத்த பிறகுதான் கீழே இருந்து புது சதை வளரும். வெட்டியதும் புண் முன்பை விட பெரிதாகத் தெரியும். 'ஆஸ்பத்திரிக்குப் போய் புண்ணைப் பெருசாக்கிட்டாங்க' என்று பயப்பட வேண்டாம். இருந்த அளவுதான் அது, இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

ஒரே ஒரு விதிவிலக்கு. குதிகாலில் கருப்பாக, காய்ந்து, கெட்டியாக ஒட்டியிருக்கும் பக்கை சீழும் வீக்கமும் இல்லாத வரை சும்மா விடுவதே வழக்கம். அதை வீட்டில் பிய்க்கவே கூடாது.

3-வது வேலை: ஈரமாக மூடி வை

'காத்தாட விட்டா காஞ்சிடும்' என்பது நம் ஊர் நம்பிக்கை. தவறு. 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் பன்றிகளின் தோலில் சோதித்துப் பார்த்தார். காற்றில் காயவிட்ட காயத்தை விட, மூடி ஈரமாக வைத்த காயத்தில் புதுத் தோல் சுமார் இரண்டு மடங்கு வேகத்தில் மூடியது. அதற்குப் பிறகு வந்த நவீன டிரெஸ்ஸிங் எல்லாம் இந்த அடிப்படையில் உருவானவைதான்.

புண்ணைக் கழுவ சலைன், அல்லது கொதிக்க வைத்து ஆறிய சுத்தமான தண்ணீர் போதும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரை பொங்கும். பார்க்க சுத்தமாகிற மாதிரி இருக்கும். ஆனால் புதிதாக வளரும் சதையையும் அது எரித்துவிடும். மஞ்சள் தூள், காப்பித் தூள், சாம்பல், ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துத் தூவுவது எதுவும் வேண்டாம்.

குழிக்குள் துணியை இறுக்கித் திணிக்கக் கூடாது. அதுவே உள்ளே இருந்து பாரம் ஆகிவிடும். லேசாக நிரப்ப வேண்டும். எந்த டிரெஸ்ஸிங், எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பது புண்ணில் இருந்து வடியும் நீரைப் பொறுத்தது. அதை டாக்டர் சொல்ல வேண்டும்.

முட்டை கொடுத்தால் சீழ் பிடிக்குமா?

இதுதான் பல வீடுகளில் நடக்கும் பெரிய தப்பு. புண் என்றதும் முட்டை கூடாது, மீன் கூடாது, கறி கூடாது என்று பத்தியம் போட்டு, கஞ்சியும் ரசம் சோறும் மட்டும் கொடுப்பார்கள். முட்டையாலோ மீனாலோ சீழ் பிடிக்காது. சீழ் பிடிப்பது கிருமியால்.

புது சதை எதில் இருந்து வளரும்? புரோட்டீனில் இருந்து. புண்ணில் வடியும் நீரிலும் புரோட்டீன் வெளியே போகிறது. அதனால் படுக்கைப்புண் இருப்பவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினமும் 1.25 முதல் 1.5 கிராம் புரோட்டீன் வேண்டும். 50 கிலோ ஆளுக்கு 63 முதல் 75 கிராம்.

கணக்கு ரொம்ப சுலபம். முட்டை ஒன்றில் 6 கிராம். ஒரு டம்ளர் பாலிலும் சுமார் 6 கிராம். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம். 50 கிராம் கடலையை ஊறவைத்து சுண்டல் செய்தால் 10 கிராம். இரண்டு முட்டை, இரண்டு டம்ளர் பால், ஒரு துண்டு மத்தி அல்லது கானாங்கெளுத்தி, சுண்டல், வேர்க்கடலை. இதோடு இட்லி, சோறு, ரேஷன் துவரம் பருப்பில் வைத்த சாம்பார் சேர்ந்தால் கணக்கு முடிந்தது. சைவம் என்றால் மீனுக்கும் முட்டைக்கும் பதில் பருப்பு, பயறு, தயிர், சோயா உருண்டையை அதிகமாக்கலாம். விலை உயர்ந்த புரோட்டீன் டப்பாதான் வேண்டும் என்பதில்லை.

மெல்ல முடியாதவருக்கு முட்டையை அவித்து மசித்து, சுண்டலை அரைத்துக் கொடுக்கலாம். கிட்னி பாதித்தவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரோட்டீனைக் கூட்டக் கூடாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாமலும், ரத்தம் குறைவாக இருந்தாலும் புண் ஆறாது. இரண்டுக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும். பீடி, சிகரெட் ரத்தக் குழாயைச் சுருக்கும். படுக்கையிலும் அதை விடாதவர்களுக்கு புண் ஆறுவது தள்ளிப் போகும்.

வேக் மெஷின் என்ன செய்யும்?

குழி பெரிதாக இருந்தால் டாக்டர்கள் 'வேக்' போடலாம் என்பார்கள். புண்ணுக்குள் ஸ்பாஞ்ச் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளை காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு குழாய் மூலம் மெஷின் உறிஞ்சிக் கொண்டே இருக்கும். அமெரிக்காவைச் சேர்ந்த டாக்டர் அர்ஜென்டாவும் விஞ்ஞானி மோரிக்வாசும் 1997-ல் வெளியிட்ட முறை இது. கெட்ட நீரை உறிஞ்சி, வீக்கத்தைக் குறைத்து, புண்ணின் ஓரங்களை நெருக்கிக் கொண்டு வரும். மெஷின் கட்டுப்படியாகாத இடங்களில் வார்டு சுவரில் உள்ள சக்ஷன் குழாயை வைத்தே டாக்டர்கள் சமாளிப்பதும் உண்டு.

ஆனால் வேக் மந்திரக்கோல் இல்லை. செத்த சதையை அகற்றாமல் அதைப் போடக் கூடாது. வேக் போட்டுவிட்டு அதே புண் மேல் படுத்தால் பணம் தண்டம்.

எலும்பு வரை போன புண்ணுக்கு கடைசி வழி ஆபரேஷன். பக்கத்தில் உள்ள நல்ல சதையையும் தோலையும் ரத்த ஓட்டத்தோடு திருப்பிக் கொண்டு வந்து குழியை மூடுவார்கள். அதற்குப் பிறகும் பல வாரங்கள் அந்த இடத்தில் பாரம் விழக் கூடாது. பிறகு 15 நிமிடம், அரை மணி என்று மெல்ல மெல்லத்தான் உட்கார வைக்க வேண்டும். பழைய பழக்கம் மாறாவிட்டால் ஆபரேஷன் செய்த இடமே மறுபடி பிய்ந்து வரும்.

ஆறுகிறதா என்று எப்படி தெரியும்?

3, 4-வது கட்ட புண் ஆற மாதக்கணக்கில் ஆகும். பொறுமை வேண்டும். ஆனால் கண்மூடித்தனமான பொறுமை கூடாது. வாரம் ஒருநாள், அதே கிழமை, புண் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து செல்போனில் போட்டோ எடுத்து வையுங்கள். அடி சிவந்து, மணிமணியாக சதை வந்து, அளவு சுருங்கினால் சரியான வழியில் போகிறது. 2 வாரம் ஒழுங்காகப் பார்த்தும் எந்த முன்னேற்றமும் இல்லை என்றால் டாக்டரிடம் போட்டோவைக் காட்டி, எங்கே தப்பு என்று கேட்க வேண்டும். எலும்புக்குள் கிருமி போயிருந்தாலும் புண் மூடாது.

குளிர் காய்ச்சல், திடீர் நாற்றம், சீழ், சுற்றிலும் சிவந்து பரவுவது, நிற்காத ரத்தம், ஆள் பிதற்றுவது, புண்ணில் எலும்பு தெரிவது. இதில் எது இருந்தாலும் காத்திருக்காமல் ஜி.எச்.சுக்கு ஓட வேண்டும்.

யாரிடம் கேட்பது?

2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சை, பிசியோதெரபி கொடுக்க ஏற்பாடு செய்யப்பட்டது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிவு பற்றிக் கேட்கலாம். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு சென்னை கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை இருக்கிறது. ஆபரேஷன் தேவைப்பட்டால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருமா என்று ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

இதெல்லாம் செய்யாதீங்க!

* சிவந்த இடத்தைத் தேய்த்து மசாஜ் செய்யக் கூடாது. உள்ளே நைந்த சதை இன்னும் கெடும்.

* வண்டி டியூப், ஓட்டை போட்ட ரப்பர் வளையத்தில் உட்கார வைக்கக் கூடாது. வளையத்தின் ஓரம் அழுத்தி, நடுவில் ரத்தம் போகாது.

* கையுறையில் தண்ணீர் நிரப்பி குதிகாலுக்கு கீழ் வைப்பது பலன் தராது.

* கிருமி பரவிய அறிகுறி இல்லாமல் கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கக் கூடாது.

* நனைந்த டயாபரை அப்படியே விடக் கூடாது.

படுக்கைப்புண் வந்துவிட்டதே என்று பார்த்துக் கொள்பவர்கள் குற்ற உணர்ச்சியில் கூனிக் குறுக வேண்டாம். நர்சுகள் சூழ இருந்தவருக்கே வந்த புண் அது. இன்று ராத்திரியே ஒரு தலையணையை எடுத்து முதுகுக்குப் பின்னால் சொருகி, புண் மெத்தையில் படாமல் படுக்க வைத்து, நாளைக்கு காலையில் ஒரு முட்டை கூடுதலாக அவித்துக் கொடுத்தால், வைத்தியத்தில் பாதி அங்கேயே ஆரம்பித்து விட்டது.